அட்டை அறையைப் பார்த்துக்கொள்வது எப்படி

சிகிச்சைக்காக, ரத்தம் உறிஞ்சுகிற அட்டையை உடம்பில் விடும் நேரத்தில் அது கடிக்க மறுத்தால் பலரும் நோயாளியின் தோலைத்தான் சந்தேகப்படுவார்கள். எண்ணெய் தேய்த்தீர்களா, சோப்புப் போட்டீர்களா என்று விசாரிப்பார்கள். விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் நான் முதலில் போய்ப் பார்ப்பது ஜாடியை. அட்டை கடிக்காமல் நழுவுவது, கடித்த இரண்டாம் நிமிடமே விழுவது, கடிவாய் பழுப்பது, இப்படிச் சிகிச்சை மேஜையில் வருகிற தொல்லைகளில் பெரும்பாதி அதற்கு முந்தின வாரம் ஜாடியில் தொடங்கியது. தண்ணீரைச் சரியாகப் பார்த்துக்கொண்டால் அட்டை தன் வேலையைத் தானே பார்க்கும்.

தாமிரபரணிக் கரையோரம் ஒரு சிறிய சித்த மருத்துவமனையில் அட்டை அறை என் பொறுப்பு. யாருக்கு அட்டை விடலாம், எந்த இடத்தில், எத்தனை என்று முடிவு செய்வது டாக்டர். அட்டையை உயிரோடு, பசியோடு, சுத்தமாக அவர் கையில் கொடுப்பது என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் சில மருத்துவமனைகளில் ஒரு ஜாடியைக் கொடுத்து "பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் அட்டைவிடலும் ஒன்று. ஸ்ரீரங்கம் கோயிலில் தன்வந்திரி ஒரு கையில் அமிர்த கலசமும் இன்னொரு கையில் அட்டையுமாக நிற்கிறார். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2004-ல் அட்டையை மருத்துவச் சாதனமாக விற்க அனுமதித்தது. அறுந்த விரலை ஒட்டவைத்த பிறகு அதில் ரத்தம் தேங்கி நீலம் பாய்ந்தால், அங்கே பிளாஸ்டிக் சர்ஜன்கள் கூப்பிடுவது அட்டையைத்தான். அதன் உமிழ்நீரில் ரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதை ஜான் ஹேகிராஃப்ட் என்பவர் 1884-லேயே கண்டறிந்தார். ஹிருடின் என்கிறார்களே, அதுதான். இவ்வளவு மதிப்புள்ள உயிரை மூலையில் அழுக்குத் தண்ணீரில் போட்டுவைப்பதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

எந்த அட்டை, எங்கிருந்து

நம் பக்கத்து மருத்துவமனைகளில் இருப்பது பெரும்பாலும் இந்தியக் கால்நடை அட்டை, ஹிருடினேரியா கிரானுலோசா. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் படம் போட்டு வருகிறதே, அதேதான். குளம், குட்டை, வாய்க்கால், எருமை கிடக்கிற சேற்றுநீர் எல்லாம் அது வாழ்கிற இடம். முதுகு பாசிப்பச்சை, வயிற்றுப்பக்கம் ஆரஞ்சு கலந்த மஞ்சள். முன்னால் சின்ன ஒட்டுறிஞ்சி, பின்னால் பெரியது. வாய்க்குள் மூன்று தாடைகள் இருப்பதால் கடிவாயும் மூன்று கீறல் ஒரு புள்ளியில் சந்திக்கிற மாதிரி இருக்கும்.

மாஞ்சோலை, வால்பாறைப் பக்கம் மழையில் நடந்தால் காலில் ஏறுகிற மெல்லிய காட்டு அட்டை வேறு. அதை யாராவது டப்பாவில் போட்டு "நல்லா ரத்தம் குடிக்குது சிஸ்டர்" என்று கொண்டுவந்தால் வாங்காதீர்கள். அது தரையில், ஈர இலைச் சருகில் வாழ்கிறது. நாம் வைத்திருக்கிற தண்ணீர் ஜாடி அதற்கு ஒத்துவராது. சிகிச்சைக்கு நாம் அதை எடுப்பதும் இல்லை.

ஐரோப்பிய மருத்துவ அட்டையான ஹிருடோ மெடிசினாலிஸ் குளிர்நாட்டு உயிர். அதை அங்கே ஃபிரிட்ஜில் வைப்பார்கள். இணையத்தில் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு நம்மூர் அட்டையை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெதுவெதுப்பான குளத்தில் வளர்ந்தது விறைத்துப்போகும். வெளியே எடுத்தாலும் மந்தமாகக் கிடக்கும், கடிக்காது.

எங்களுக்கு அட்டை பிடித்துத் தருகிற அண்ணாச்சியிடம் ஒவ்வொரு முறையும் நான் கேட்கிற கேள்விகள் உண்டு. "எந்தக் குளம் அண்ணாச்சி?" "மறுகால் பக்கம்தான் சிஸ்டர்." "வயலுக்கு மருந்தடிச்சிருக்கா?" "போன வாரம் அடிச்சாவ. அதனால அந்தப் பக்கமே போகல." இந்தப் பதில் வராவிட்டால் அன்றைக்கு வாங்குவதில்லை. பூச்சிமருந்து இறங்கிய வாய்க்கால், சாக்கடை கலக்கிற குளம், சாயக்கழிவு ஓடுகிற இடம், இங்கிருந்து வருகிற அட்டைகள் பார்க்க நன்றாகவே இருக்கும். சில நாளில் ஒன்றன்பின் ஒன்றாகத் துவண்டுவிடும். உப்போ சுண்ணாம்போ போட்டுப் பிடித்தாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிப் பிடித்தது தேறாது.

ஒரு வேண்டுகோள். தேவைக்கு மேல் வாங்கிக் குவிக்காதீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அட்டை மோகம் தலைக்கேறி, 1833-ல் பிரான்ஸ் மட்டும் 4 கோடிக்கும் மேல் இறக்குமதி செய்தது. குளங்கள் காலியாகின. இன்றைக்கு அந்த இனம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. நம் குளங்களிலும் அட்டை குறைகிறது என்று அண்ணாச்சியே வருத்தப்படுகிறார்.

புதிதாக வந்த அட்டை பழைய ஜாடிக்குள் போகவே கூடாது. அது கடைசியாக எருமையைக் கடித்ததா, ஆளைக் கடித்ததா என்பது நமக்குத் தெரியாது. வயிற்றில் பழைய ரத்தம் இருக்கும், அதில் என்ன இருக்கிறதோ. தனி ஜாடி, தனி வலை, தனி வாளி. எங்கள் மருத்துவமனையில் குறைந்தது மூன்று மாதம் அப்படிப் பட்டினியாக வைத்த பிறகுதான் சிகிச்சைக்கு எடுப்போம். கூடுதலாக வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. வேல்ஸ் நாட்டில் ராய் சாயர் 1984-ல் தொடங்கிய பயோஃபார்ம் போன்ற பண்ணைகளில் அட்டையை வளர்த்தே விற்கிறார்கள். அந்த வசதி இல்லாத நாம் பொறுமையாகத்தான் இருக்க வேண்டும்.

தண்ணீர்

இதில்தான் எல்லாம் இருக்கிறது. அட்டைக்கு நுரையீரலும் இல்லை, செவுளும் இல்லை. தோலால் மூச்சு விடுகிற உயிர் அது. தண்ணீரில் கரைந்திருப்பது எதுவானாலும் நேரே உடம்புக்குள் போகும். நமக்கு வாசனைகூடத் தெரியாத அளவு குளோரின் அதற்கு எரிச்சல் தரும்.

நான் பயன்படுத்துவது கிணற்றுத் தண்ணீர். முந்தின நாள் மாலையில் இறைத்து, வாய் அகன்ற பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, துணி போட்டு மூடி, அட்டை அறையிலேயே வைத்துவிடுவேன். காலையில் அதுவும் ஜாடித் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்கும். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். மத்தியானம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருகிற கொதிநீரைக் குழாயில் பிடித்து அப்படியே ஊற்றினால் அட்டை சுருண்டுவிடும்.

குழாய்த் தண்ணீர்தான் கிடைக்கும் என்றால், வாளியில் பிடித்து ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் திறந்துவையுங்கள், குளோரின் பறந்துவிடும். இடையில் இரண்டு முறை கலக்கிவிடுங்கள். மேல்நிலைத் தொட்டியைக் கழுவி ப்ளீச்சிங் பவுடர் போட்ட வாரத்தில் அந்தத் தண்ணீரை நம்பாதீர்கள். கடற்கரை ஊர்களில் போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதுவும் ஆகாது. ஆர்.ஓ. தண்ணீர் சுத்தமானது, அதனால் நல்லது என்று சிலர் கேன் கேனாக ஊற்றுகிறார்கள். அதில் தாதுக்கள் எல்லாம் போயிருக்கும். குளத்து உயிருக்கு அதுவும் சேராது. ஆற்றுத் தண்ணீரை நேரே ஊற்றினால் கூடவே என்னென்னவோ வரும். எந்தத் தண்ணீராக இருந்தாலும் புதிதாக மாற்றும்போது முதலில் ஒரே ஒரு அட்டையை அதில் ஒரு இரவு விட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் மற்றதை மாற்றுங்கள்.

மாற்றும் கணக்கு: சாதாரண நாட்களில் இரண்டு நாளைக்கு ஒருமுறை. சித்திரை, வைகாசியில் தினமும். அட்டை ரத்தம் கக்கி தண்ணீர் சிவந்தாலோ, கலங்கினாலோ, வாடை வந்தாலோ கணக்கெல்லாம் பார்க்காமல் அந்த நிமிடமே. ஜாடியில் ஒன்று செத்துக் கிடந்தால் மற்றவை வரிசையாகப் போவதற்கு ஒரு ராத்திரி போதும். செத்தது அழுகுவதில் தண்ணீரே கெட்டுவிடுகிறது.

மாற்றுகிற விதமும் சொல்லிவிடுகிறேன். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பவுடர் இல்லாத வகை. கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம். அது உங்களைக் கடித்தால் பிறகு அதை யாருக்கும் விட முடியாது. புதுத் தண்ணீர் ஊற்றிய இன்னொரு ஜாடியைத் தயாராக வைத்துக்கொண்டு, மீன்தொட்டிக் கடையில் கிடைக்கிற மெல்லிய வலையால் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அதில் விடுங்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிடித்து இழுக்கக் கூடாது. பின் ஒட்டுறிஞ்சியின் ஓரத்தில் விரலை மெதுவாக நுழைத்தால் தானே விட்டுவிடும். காலியான ஜாடியைத் தேங்காய் நாரால் தேய்த்து, வெந்நீர் ஊற்றி அலசி, வெயிலில் கவிழ்த்துவிடுங்கள். சோப்பு வேண்டாம், பாத்திரம் கழுவுகிற பவுடர் வேண்டாம், உப்பு வேண்டவே வேண்டாம்.

ஜாடியும் இடமும்

ஐந்து லிட்டர் பிடிக்கிற, வாய் அகன்ற கண்ணாடி ஜாடி நல்லது. மிட்டாய் ஜாடி சரிதான். ஊறுகாய் ஜாடியை எத்தனை தடவை கழுவினாலும் உப்பும் எண்ணெயும் ஊறியிருக்கும், அதை எடுக்காதீர்கள். செம்பு, பித்தளைப் பாத்திரம் கூடவே கூடாது. செம்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று கேட்டுப் பழகியதால் சிலர் அதை அட்டைக்கும் வைக்கிறார்கள். தண்ணீரில் இறங்குகிற செம்பு அட்டைக்கு விஷம்.

தண்ணீர் பாதிக்கும் கீழே இருந்தால் போதும். மேலே காற்று வேண்டும். அட்டை ஏறி கண்ணாடியில் ஒட்டி இளைப்பாற இடமும் வேண்டும். லிட்டருக்கு ஐந்து, ஆறு அட்டைக்கு மேல் நான் விடுவதில்லை. அடியில் நாலைந்து வழுவழுப்பான ஆற்றுக் கூழாங்கல்லும் ஒரு நாட்டு ஓட்டுத் துண்டும் போட்டுவைப்பேன். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். பழைய நூல்களில் பாசி, நீர்ச்செடி போடச் சொல்லியிருக்கிறது. குளத்தங்கரையில் அது சரி. மருத்துவமனையில் அது அழுகினால் கவனிக்க ஆள் வேண்டும், அதனால் நான் போடுவதில்லை.

மூடிக்கு இரட்டை மடிப்பு மல்துணி, ஜாடிக் கழுத்தைச் சுற்றி இறுக்கமான ரப்பர் பேண்டு. அட்டைக்கு எலும்பு கிடையாது. உடம்பை நூலாக நீட்டி எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். ராத்திரி வெளியேறியது காலையில் மேஜைக்கடியில் காய்ந்து கிடக்கும். மழை, புயல் வருகிற நாட்களில் எல்லாம் மேலேறி மூடியை முட்டிக்கொண்டிருக்கும். 1851-ல் லண்டன் பெருங்கண்காட்சியில் ஜார்ஜ் மெரிவெதர் என்ற மருத்துவர் 12 பாட்டிலில் 12 அட்டைகளை விட்டு, அவை மேலேறினால் மணியடிக்கிற புயல் அறிவிப்புக் கருவியையே செய்துகாட்டினார். ஐப்பசி, கார்த்திகையில் என் ஜாடிகளைப் பார்க்கும்போது அந்த மனிதர் சரியாகத்தான் கவனித்திருக்கிறார் என்று தோன்றும். அந்த மாதங்களில் ரப்பர் பேண்டை இரண்டாகப் போடுவேன்.

அறை நிழலாக, அமைதியாக இருக்கட்டும். ஜன்னல் வெயில் ஜாடியில் விழக் கூடாது. எங்கள் ஊர்க் கோடையில் கண்ணாடிக்குள் தண்ணீர் சீக்கிரம் சூடேறும். அதனால் பங்குனி பிறந்ததும் அட்டைகளை மண்பானைக்கு மாற்றிவிடுவேன். புதுப்பானையை நாலு நாள் தண்ணீரில் ஊறவைத்து, தினமும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிறகு பயன்படுத்த வேண்டும். ஈரமணல் மேல் வைத்தால் பானை வேர்த்துக் குளிர்ச்சி தரும். பானையில் ஒரு குறை, உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. காலையும் மாலையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வேண்டுமென்றே அடர்நிறப் பானை தவிர்த்து வெளிர் நிறத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று, புகையும் வாசனையும். சாயங்காலம் வரவேற்பறையில் சாம்பிராணி போடுகிறோம், கொசுவத்தி ஏற்றுகிறோம், தரைக்கு பினாயில் ஊற்றித் துடைக்கிறோம். இவை எதுவும் அட்டை அறைக்குள் வரக் கூடாது. சானிடைசர் தேய்த்த கையோடு ஜாடியைத் திறக்கக் கூடாது. கூட்டுகிற அக்காவிடம் நான் முதல் நாளே சொல்லிவிட்டேன், "இந்த ரூமுக்கு வெறும் தண்ணிதான் அக்கா." கதவில் ஒரு அறிவிப்பும் எழுதி மாட்டியிருக்கிறேன்.

காலையில் என்ன பார்ப்பது

அறைக்குள் போனதும் விளக்கைப் போடுவதற்கு முன் ஜாடியைப் பாருங்கள். நல்ல அட்டைகள் ஒன்றோடொன்று நெருக்கி, நிழலான பக்கம் ஒட்டிக் கிடக்கும். ஜாடியை லேசாக அசைத்தால் உடனே தலையை நீட்டித் துழாவும். சில, உடம்பைப் பட்டையாக்கி மேலும் கீழும் அலையடித்து நீந்த ஆரம்பிக்கும். கண்ணாடிக்கு வெளியே விரலை வைத்து நகர்த்துங்கள். பசியுள்ளது அந்த நிழலைத் தேடி வரும். தொட்டால் கெட்டியாகச் சுருங்க வேண்டும். சுருங்காமல் தொளதொளவென்று இருந்தால் அதை உடனே தனியாக எடுத்துவையுங்கள்.

உடம்பில் மணிமணியாகக் கட்டி தெரிகிறதா? நடுவில் கயிறு கட்டின மாதிரி இறுகிப்போன இடம் இருக்கிறதா? வாயில் ரத்தம் கசிகிறதா? நிறம் வெளிறியிருக்கிறதா? ஒட்டுறிஞ்சி பிடிக்காமல் அடியில் மல்லாந்து கிடக்கிறதா? இதில் எது இருந்தாலும் அந்த அட்டை சிகிச்சைக்கு இல்லை. தனி ஜாடியில் போட்டு, தினம் தண்ணீர் மாற்றிப் பாருங்கள். சில தேறும். தேறியது என்று நன்றாகத் தெரிகிறவரை திரும்பச் சேர்க்காதீர்கள். ஒரே ஜாடியில் இரண்டு மூன்று இப்படி ஆனால் அந்த ஜாடி முழுவதையும் நிறுத்திவையுங்கள்.

தண்ணீரில் மெல்லிய, கண்ணாடி போன்ற சவ்வு மிதந்தால் பயப்பட வேண்டாம். சில நாளைக்கு ஒருமுறை அட்டை தோலுரிக்கும். வெங்காயத்தின் உள்சவ்வை உரித்துப் போட்ட மாதிரி இருக்கும். கல்லிலும் ஓட்டிலும் உடம்பை உரசித்தான் அதைக் கழற்றுகிறது. கூழாங்கல் போடச் சொன்னது அதற்காகத்தான். வழுக்கும் கண்ணாடி மட்டும் இருந்தால் தோல் பாதி கழன்று நடு உடம்பில் வளையமாக மாட்டி இறுக்கும். அதைப் பார்த்தால் ஈரமான மல்துணியின்மேல் அட்டையை ஊர்ந்து போக விடுங்கள். துணியில் சிக்கித் தோல் தானே வந்துவிடும். நகத்தால் உரிக்கக் கூடாது. உரித்த சவ்வையும் கோழையையும் அன்றன்றைக்கே எடுத்துவிடுங்கள், தண்ணீரைக் கெடுப்பதே அதுதான்.

சாப்பாடு

கொடுக்க வேண்டாம். கறிக்கடை ரத்தம், ஈரல் என்று எதையும் ஜாடிக்குள் விடாதீர்கள். வயிறு நிறையக் குடித்த அட்டை அதைச் செரிக்க மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். நல்ல தண்ணீர் இருந்தால் ஆறு மாதம்வரை ஒன்றும் சாப்பிடாமல் இருக்கும். பசியோடு இருந்தால்தான் கடிக்கும். ரொம்ப மெலிந்து சுறுசுறுப்புக் குறைகிறது என்றால் அதைத் தனியாக எடுத்துவைத்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

சிகிச்சை நாள்

முந்தின நாள் மாலையே எத்தனை அட்டை வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இரண்டு கூடுதலாகத் தேர்ந்தெடுத்து, சின்ன ஜாடியில் புதுத் தண்ணீரில் விடுங்கள். காலையில் ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் கலந்து அதில் விட்டால் அட்டை சுறுசுறுப்பாக நெளியும். அப்போதே எடுத்து அடுத்தடுத்து இரண்டு கிண்ணம் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். மஞ்சள் தண்ணீரில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகக் கூடாது, துவண்டுவிடும். நோயாளியின் தோலை வெறும் தண்ணீரால் மட்டும் துடைக்க வேண்டும். அவருக்கு ரத்தசோகை, ரத்தம் உறையாத கோளாறு, ரத்தத்தை இளக்குகிற மாத்திரை, கர்ப்பம், எதிர்ப்புசக்திக் குறைவு எதுவும் இல்லை என்று டாக்டர் எழுதியிருக்கிறாரா என்பதை நீங்களும் ஒரு முறை பாருங்கள்.

கடித்துக் குடிக்க ஆரம்பித்தால் அட்டையின் மேல் ஈரத்துணி போட்டுவிட்டு ஆடாமல் அசையாமல் விடுங்கள். பாதி மணிநேரத்திலிருந்து ஒரு மணிநேரத்துக்குள் தானே விழும். அவசரப்பட்டு உப்பு, மஞ்சள், சுண்ணாம்பு, நெருப்பு எதையும் அதன் வாயருகே கொண்டுபோகாதீர்கள். இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் அலுக்க மாட்டேன். அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் என்கிற பாக்டீரியா வாழ்கிறது. ரத்தம் செரிக்க அதற்கு அது வேண்டும், நம் புண்ணுக்குள் போனால் சீழ் வைக்கும். அட்டையைத் துன்புறுத்தினால் வயிற்றில் உள்ளதைக் கடிவாய்க்குள்ளேயே கக்கும். இதனால்தான் பிளாஸ்டிக் சர்ஜரியில் அட்டை விடும்போது கூடவே ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள். நடுவில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் வாயின் ஓரத்தில் மழுங்கிய தகட்டை நுழைத்துப் பிடியை மெல்ல விடுவியுங்கள். அழுக்குத் தண்ணீரில் வாடிக் கிடந்த அட்டை ஒன்றும் செய்யாமலேயே கக்கும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

விழுந்த பிறகு கடிவாயில் பல மணிநேரம், சிலருக்கு மறுநாள்வரை ரத்தம் கசியும். நோயாளியோடு வந்தவருக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ராத்திரி பதறிப்போய் போன் செய்ய மாட்டார்கள். கட்டு நனைந்தால் மேலேயே இன்னொரு கட்டுப் போடச் சொல்லுங்கள். நிற்காமல் ஓடினாலோ தலைசுற்றினாலோ உடனே வரச் சொல்லுங்கள்.

பயன்படுத்திய அட்டை

ஒரு அட்டை ஒரு ஆளுக்கு மட்டும். இதில் பேச்சே இல்லை. மஞ்சள் தண்ணீரில் கக்கவைத்து, கழுவி, ஒரு வாரம் ஓய்வு கொடுத்து மறுபடி விடுகிற வழக்கம் இருக்கிறது. பழைய நூல்களிலும் இருக்கிறது. ஆனால் எவ்வளவு கக்கினாலும் உள்ளே கொஞ்சம் ரத்தம் தங்கத்தான் செய்யும். மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் எப்படிப் பரவும் என்று தெரிந்த காலத்தில் அடுத்த ஆளுக்கு அதை விடுவது பாவம். அதே நோயாளிக்கே திரும்ப விடுவதற்காக அவர் பெயர் எழுதி வைத்திருக்கிற மருத்துவமனைகள் உண்டு. ஜாடி மாறிவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில் நாங்கள் அதையும் செய்வதில்லை.

குளத்தில் கொண்டுபோய் விடாதீர்கள், கழிப்பறையில் ஊற்றாதீர்கள். ஸ்பிரிட்டை நிறையத் தண்ணீரில் கலந்து, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்படி செய்து, முதலில் அதில் விடுங்கள். கொஞ்ச நேரத்தில் மயங்கி அசைவற்றுப் போகும். அதன் பிறகு 70 சதவீத ஸ்பிரிட்டுக்கு மாற்றுங்கள். எடுத்த எடுப்பில் கடும் ஸ்பிரிட்டில் போட்டால் துடிக்கும். நமக்காக வேலை செய்த உயிருக்கு அந்த வலி வேண்டாம். பிறகு ரத்தப் பஞ்சோடு சேர்த்து மஞ்சள் பையில், 2016 மருத்துவக் கழிவு விதிப்படி.

நோட்டு

ஒரு நூறு பக்க நோட்டுப் போதும். ஒவ்வொரு ஜாடிக்கும் ஒரு எண். எந்தத் தேதியில் எந்தக் குளத்திலிருந்து எத்தனை வந்தது, தண்ணீர் எப்போது மாற்றியது, எத்தனை செத்தது, எந்த ஓ.பி. எண்ணுக்கு எத்தனை போனது. கடிவாய் பழுத்த நோயாளி திரும்ப வந்தால் அவருடைய எண்ணை வைத்து ஜாடியைக் கண்டுபிடிக்கலாம், அந்த ஜாடியில் மீதி இருப்பதை நிறுத்திவைக்கலாம். தினமும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அது கல்லுக்கடியில் செத்துக் கிடக்கிறதா, தரையில் ஊர்கிறதா என்று தெரிந்தாக வேண்டும்.

பொங்கல், தீபாவளிக்கு மருத்துவமனை மூன்று நாள் பூட்டியிருக்கும்போதுதான் பல இடங்களில் மொத்தமும் போய்விடுகிறது. விடுமுறைக்கு முன்தினம் எல்லா ஜாடிக்கும் தண்ணீர் மாற்றி, எண்ணிக்கையைப் பாதியாகப் பிரித்து இன்னொரு ஜாடியில் விட்டுவிடுங்கள். துவண்டதைத் தனியாக எடுத்துவிடுங்கள். இரண்டு வாளித் தண்ணீர் பிடித்து மூடிவைத்துவிட்டு, சாவியை வாட்ச்மேன் தாத்தாவிடம் கொடுத்து, எந்த வாளியிலிருந்து எந்த ஜாடிக்கு என்று செய்தே காட்டிவிட்டுப் போங்கள்.